வேம்பும் புங்கும்

நுழையும்முன்

மரம் நடுவோர் பலர். நடும் இடத்தை அறிந்து நடுவோர் சிலர். வறண்ட நிலத்திலும் பசுமை குன்றாத இரு மரங்களை ஒப்பிட்டு, வீட்டருகே உள்ள சிறு நிலத்திற்கு எது பொருந்தும் என்று தேடிக் கண்ட விடையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தாவரவியல், வேளாண்மை, வாழ்வனுபவம் ஆகிய மூன்றும் இத்தேடலில் கைகோத்து வருகின்றன.

மலையடிவாரத்து மண்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, செம்மண்ணும் களிமண்ணும் மாறி மாறிக் கிடக்கும் சமவெளியில் அமைந்துள்ளது சங்கராபுரம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட்டங்களுள் இதுவும் ஒன்று. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் பகுதி இது. மலையில் பெய்யும் மழை கோமுகி, மணிமுத்தா ஆறுகளாக இறங்கி வந்து ஏரிகளை நிரப்பினால் ஊர் செழிக்கும். மலை பொய்த்தால் ஊர் வாடும்.

மாவட்டம் ஓராண்டில் பெறும் சராசரி மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். இந்த எண்ணைக் கேட்பவர், 'குறைவில்லையே' என்று எண்ணக்கூடும். ஆனால், அம்மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதன்று. தென்மேற்குப் பருவத்தில் சில வாரங்களும் வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களும் கொட்டித் தீர்த்துவிட்டு, தை முதல் வைகாசி வரை வானம் வாய்மூடிக் கொள்ளும். இந்த ஐந்து மாதங்களை யாருடைய உதவியும் இன்றிக் கடக்கவல்ல மரமே எங்கள் ஊரில் நிலைத்து நிற்கும்.

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைக் காட்டிலும் 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டு சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அக்கோடையில் கிணறுகள் தரை தட்டின. ஆழ்துளைக் கிணறுகள் காற்றை இறைத்தன. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2024-ஆம் ஆண்டின் நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே நிலம் வெள்ளத்தில் மிதந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி அளவிற்கு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. ஆகவே, எங்கள் பகுதியில் நடப்படும் மரம் இரண்டு தேர்வுகளை எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று, நீரில்லாமை, மற்றொன்று, நீர் மிகுதி. 'வறட்சியைத் தாங்கும் மரம்' என்று பாராட்டும்போது நாம் பெரும்பாலும் முதல் தேர்வை மட்டுமே எண்ணுகிறோம்.

ஒரே இடம்

பழைய நாட்டு ஓட்டு வீட்டை எடுத்துவிட்டுக் காரை வீடு கட்டிய பிறகு, எங்கள் மனையில் மேற்குப் பக்கம் பதினெட்டு அடி அகலத்திற்குச் சிறிது நிலம் எஞ்சியது. பிற்பகல் வெயில் முழுவதும் அப்பக்கச் சுவரில்தான் இறங்கும். உச்சி வெயிலில் சூடேறிய சுவரும் கூரையும் முன்னிரவு வரை வெம்மையை வீட்டினுள் உமிழ்ந்துகொண்டிருக்கும். என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை மூன்று மணிக்குமேல் அவரால் வீட்டினுள் இருக்க இயலவில்லை. வெளியே அமரவோ நிழலில்லை. எனவே, ஒரு மரம் வேண்டும் என்பதில் வீட்டில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த மரம் என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

தாயார் வேம்பு வேண்டும் என்றார். "வேப்பமரம் இல்லாத வீடு வீடாப்பா? சித்திரை பிறந்தால் பச்சடிக்குப் பூ வேண்டும், அம்மை போட்டால் தழை வேண்டும், ஆடி மாதம் அம்மனுக்கு வேண்டும்" என்பது அவர் கூற்று. தம்பி புங்கு வேண்டும் என்றான். நிழலின் அடர்த்தியில் புங்கை வெல்ல வேறு மரமில்லை என்பது அவன் வாதம். இரண்டும் வறட்சியைத் தாங்குபவை. இரண்டும் நம் மண்ணுக்கு உரியவை. இரண்டும் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பவை. இடம் மட்டும் ஒன்றுதான். தவறான மரத்தை வைத்துவிட்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து வெட்டிவிட்டு, மீண்டும் புதிதாகத் தொடங்குவதற்குத் தாயாரின் வயது இடம் கொடுக்காது. ஆகவே, இரு மரங்களையும் பற்றி முறையாக அறிந்துகொண்ட பிறகே குழி தோண்டுவது என்று முடிவு செய்தோம்.

பசுமை மாறாமை என்பது யாது?

இலையே உதிர்க்காத மரம் உலகில் இல்லை. பழைய இலைகள் மொத்தமாக நீங்குவதற்கு முன்பே புதிய இலைகள் தளிர்த்து, மரம் தன் பசும்போர்வையை இழக்காமல் நிற்பதையே பசுமை மாறாமை என்கிறோம். வேம்பு இவ்வகையைச் சேர்ந்தது. மாசி, பங்குனியில் அதன் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர, கூடவே செப்பு நிறத் தளிர்கள் தோன்றும். கடும் வறட்சி வாய்த்த ஆண்டுகளில் மட்டும் அது ஏறத்தாழ எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும்.

புங்கின் நடைமுறை சற்று வேறானது. அதுவும் பின்பனிக் காலத்தின் இறுதியில் இலைகளை உதிர்க்கும். சில நாள்கள் அது மொட்டையாகத் தோன்றுவதும் உண்டு. ஆனால், வெயில் கடுமையாகத் தொடங்கும் வேளையில் எண்ணெய் பூசியதுபோல மின்னும் இளம்பச்சைத் தளிர்கள் கிளையெங்கும் நிறைந்துவிடும். நிழல் மிகத் தேவைப்படும் சித்திரையில் புங்கு முழு இலைப்பரப்புடன் நிற்கும். ஆதலால், தாவரவியலார் சிலர் அதனை அரைப் பசுமைமாறா மரம் என்று வகைப்படுத்தினாலும், நிழல் தேடுபவருக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

கோடையின் தொடக்கத்தில் இலையை உதிர்ப்பது மரத்தின் சிக்கனம். நிலத்தடி ஈரம் குறையும்போது, இலைத்துளைகள் வழியே நீராவியாக வெளியேறும் நீரைக் குறைக்க வேண்டும். முதிர்ந்த இலைகளைக் கைவிடுவதால் அச்செலவு குறைகிறது. இவ்விரு மரங்களும் ஆழமாக இறங்கும் ஆணிவேர் கொண்டவை. மேல்மண் காய்ந்து வெடித்த பின்னும் கீழடுக்கில் எஞ்சியுள்ள ஈரத்தை அவ்வேர்கள் எட்டுகின்றன. ஆற்றுப்பாய்ச்சலோ ஆழ்துளைக் கிணறோ இல்லாத இடங்களில் இம்மரங்கள் கோடையில் தளிர்ப்பதன் மறைபொருள் இதுவே.

வேம்பு

வேம்பின் தாவரவியற் பெயர் அசாடிராக்டா இண்டிகா. 'கட்டற்ற மரம்' என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. மூவேந்தருள் பாண்டியருக்குரிய அடையாளப் பூ வேப்பம்பூ என்பதை நாம் அறிவோம். எங்கள் ஊருக்குத் தெற்கே, பெருஞ்சாலையில் உள்ள வேப்பூர் முதலாகத் தமிழ்நாட்டின் ஊர்கள் பல இம்மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலத்திலும் வேம்பு வளரும். கல்லும் சரளையும் நிறைந்த மேட்டு நிலம் அதற்கு இடையூறன்று. அதன் இலையிலும் விதையிலும் உள்ள கசப்புப் பொருள்கள் பூச்சிகளை அண்ட விடுவதில்லை. 1959-ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் படையெடுத்து வந்து மற்றப் பசுமை அனைத்தையும் தின்று தீர்த்தபோது, வேம்பை மட்டும் விட்டுச் சென்றதைச் செருமானியப் பூச்சியியல் அறிஞர் ஐன்ரிக் சுமுட்டரர் கண்டார். அக்காட்சியே வேம்பைப் பற்றிய மேலைநாட்டு ஆய்வுகள் பலவற்றுக்கு வித்திட்டது. 1968-ஆம் ஆண்டு வேப்பம் விதையிலிருந்து அசாடிராக்டின் என்னும் சேர்மம் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மூலக்கூற்றின் அமைப்பு மிகச் சிக்கலானது. கேம்பிரிட்ச் பல்கலைக்கழக அறிவியலாளர் அதனை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கிக் காட்டியது 2007-ஆம் ஆண்டில்தான். ஒவ்வொரு வேப்பமரமும் ஆண்டுதோறும் ஓசையின்றிச் செய்துவரும் பணியைச் செய்துகாட்ட, மாந்தருக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க நிறுவனம் ஒன்றும் அந்நாட்டு வேளாண்துறையும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இந்திய உழவர்கள் காலங்காலமாக அறிந்த ஒன்றைப் புதுக்கண்டுபிடிப்பு எனக் கூறலாகாது என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தனர். 2000-ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தள்ளுபடியானது. நம் பாட்டிமார் நெற்குதிரில் வேப்பிலையைப் போட்டு வைத்த எளிய செயல், பன்னாட்டு மன்றத்தில் சான்றாக நிற்கும் அளவிற்கு மதிப்புடையது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது. இன்று நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே உழவரை அடைகிறது. மண்ணில் தழைச்சத்து விரைந்து வீணாகாமல் அப்பூச்சு தடுக்கிறது.

இத்தனை வலிமை பெற்ற வேம்புக்கும் நோய் உண்டு. அண்மை ஆண்டுகளில், மழைக்காலம் முடிந்து பனிக்காலம் தொடங்கும் வேளையில், தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் வேப்பமரங்கள் தீயில் கருகியவைபோலக் காட்சியளித்தன. தேயிலைக் கொசு எனப்படும் பூச்சி இளந்தளிர்களில் சாற்றை உறிஞ்சுவதும், அப்புண்களின் வழியே பூஞ்சை நுழைவதும் இதற்குக் காரணங்கள். ஊரில் சிலர், மரம் செத்துவிட்டது என்று எண்ணி அடியோடு வெட்டினர். வெட்டாமல் பொறுத்திருந்தவர்களின் மரங்கள் பல, வெயில் ஏறியதும் மீண்டும் தளிர்த்தன. இலை கருகிய மரத்தைப் பட்டுப்போன மரமாகக் கருதலாகாது. கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தால் உள்ளே பசுமை தென்படும். தென்பட்டால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

வேம்பால் தாங்க இயலாதது ஒன்று உண்டு. வேரைச் சூழ்ந்து நீர் பல நாள்கள் தேங்கினால் அதன் வேர்கள் மூச்சுத்திணறும், இளமரமாயின் பட்டுப்போகும்.

புங்கு

புங்கு, புன்கு, புங்கம், புங்கை எனப் பல பெயர்களால் வழங்கும் மரத்தின் தாவரவியற் பெயர் பொங்கேமியா பின்னேட்டா. நம் தென்னாட்டு மொழிகளில் வழங்கும் பெயரையே தாவரவியலார் தம் பெயரீட்டில் ஏற்றுக்கொண்டனர். சவ்வாது மலையில் உள்ள புங்கம்பட்டு போன்ற ஊர்ப்பெயர்கள் இம்மரத்தை நினைவூட்டுகின்றன. புங்க மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் வெண்ணிறச் சிறுபூக்களைச் சங்கப் புலவர்கள் நெற்பொரிக்கு ஒப்பிட்டனர். பங்குனி, சித்திரையில் புங்க மரத்தடியைப் பார்த்தவர் எவரும் அவ்வுவமையின் நுட்பத்தை உடனே உணர்வர்.

புங்கின் இயல்பான இருப்பிடம் ஆற்றங்கரையும் கடற்கழியோரமும். ஆற்றங்கரை மரம் வறட்சியை எவ்வாறு தாங்கும் என்று ஐயம் எழலாம். நம் ஆறுகள் ஆண்டில் சில மாதங்கள் பெருகி ஓடுபவை. எஞ்சிய மாதங்களில் மணலாய்க் கிடப்பவை. அத்தகைய கரையில் வாழ்ந்து பழகிய மரம் வேர் நனைந்து நிற்கவும் வேர் உலர்ந்து நிற்கவும் கற்றுக்கொண்டது. சற்று உவர்ப்பேறிய மண்ணிலும் அது தழைக்கும்.

புங்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் நிலைநிறுத்துகின்றன. அதன் தழையும் தழைச்சத்து மிகுந்தது. என் தாயார் தம் இளமைக் காலத்தை இவ்வாறு நினைவுகூர்ந்தார்: "நடவுக்கு முன்னே எங்கள் அப்பா வண்டி வண்டியாகப் புங்கந்தழை வெட்டி வந்து சேற்றில் போட்டு மிதிப்பார். அந்த வயலுக்கு அப்போது வேறு உரம் இல்லை." வேம்பு வேண்டும் என்று வாதிட்டவரே புங்கின் சிறப்பையும் எடுத்துக் கூறியது, எங்கள் வீட்டு விவாதத்தில் ஒரு திருப்பமாக அமைந்தது.

புங்க விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் உண்டு. அவ்வெண்ணெய் விளக்கெரிக்கவும் சவர்க்காரம் செய்யவும் தோல் பதனிடவும் பயன்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உயிரி டீசல் தயாரிப்பதற்கு உரிய விதைகளுள் ஒன்றாக அது ஆராயப்பட்டது. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்திலும் அந்நோக்கில் புங்கு நடப்பட்டது. விதை கசப்பும் நச்சுத்தன்மையும் உடையது. ஆதலால் குழந்தைகள் அதனை வாயிலிடாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

புங்க இலைகளின்மீது விரல்நுனிபோல் சிறு புடைப்புகள் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகை உண்டாக்கும் கரணைகள் அவை. பார்வைக்கு அழகைக் கெடுப்பினும், அவற்றால் வளர்ந்த மரத்திற்குப் பெருங்கேடு விளைவதில்லை. நச்சு மருந்து தெளிக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஒப்புநோக்கு

இரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தோம்.

நிழலைப் பொறுத்தவரை, வேம்பின் சிற்றிலைகள் ஒளியைச் சல்லடைபோல் வடிகட்டி விடுகின்றன. அதன் நிழலில் காற்று உலவும். புங்கின் அகன்ற இலைகள் ஒளியை மறைக்கின்றன. நிழல் செறிவாகவும் தாழ்வாகவும் அமையும். மேற்குச் சுவரைக் காக்கப் புங்கு ஏற்றது. முற்றத்தில் கட்டில் போட்டுப் படுக்க வேம்பு இனியது.

மரத்தின் பயனைப் பொறுத்தவரை, வேம்பு முந்தி நிற்கிறது. அதன் கட்டை கறையான் எளிதில் அரிக்காதது; கதவு, நிலை, பெட்டி செய்யத் தகுந்தது. புங்கங்கட்டை விரைவில் பூச்சிக்கு இரையாகும்; விறகுக்கே பெரிதும் பயன்படும். ஆனால், நாங்கள் தேடியது கட்டையன்று, நிழல்.

காப்பைப் பொறுத்தவரை, ஆடுகள் வேப்பந்தளிரை விரும்பித் தின்னும். ஆகவே, வேலி இல்லாத வேப்பங்கன்று தெருவில் தப்புவது அரிது. புங்கந்தழையை ஆடு மாடுகள் பெரும்பாலும் நாடுவதில்லை. சாலையோரங்களில் புங்கு மிகுதியாக நடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குப்பையைப் பொறுத்தவரை, இரண்டும் சமம். வேம்பு பூவும் பழமும் உதிர்க்கும். புங்கு பூவும் நெற்றும் உதிர்க்கும். வேப்பம்பழத்தை நாடிக் காகமும் மைனாவும் குயிலும் வரும். புங்கம்பூவை நாடித் தேனீக்கள் வரும்.

வேரைப் பொறுத்தவரை, இரண்டுமே சுவருக்கு நெருக்கமாக நடத்தக்கவை அல்ல. புங்கு பக்கவேர்களை அகலமாகப் பரப்பும். வேர்களிலிருந்து புதுக்கன்றுகளும் முளைக்கும். சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் குறைந்தது பதினைந்து அடியேனும் விலகி நிற்பது நன்று.

இவ்வளவு ஒப்பிட்ட பின்னும் முடிவு கிட்டவில்லை. இரு தட்டுகளும் சமமாகவே நின்றன. மரங்களை ஒப்பிட்டது போதும், மண்ணைப் பார்ப்போம் என்று தோன்றியது.

குழி சொன்ன விடை

சுவரிலிருந்து பதினாறு அடி தள்ளி, இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டினோம். மேலே ஓரடி செம்மண். அதன்கீழ் பிசுபிசுப்பான களிமண். குழியை நீரால் நிரப்பி, வடிந்த பின் மீண்டும் நிரப்பினோம். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மறுநாள் மாலையிலும் ஒரு சாண் உயரத்திற்கு நின்றது. நல்ல வடிகால் உள்ள மண்ணாயின் சில மணி நேரத்தில் வற்றியிருக்க வேண்டும்.

இதற்கு மண் மட்டும் காரணமன்று. எங்கள் தெருச்சாலை, புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும், பழைய தளத்தின் மீதே புதுத்தளம் இடப்பட்டு உயர்ந்துகொண்டே வந்தது. ஒருகாலத்தில் சாலைக்கு மேடாக இருந்த மனை இன்று சாலைக்குப் பள்ளமாகிவிட்டது. மழைநீர் வெளியேற வழியின்றி மேற்குப் பக்கத்தில் குளம்போல் நிற்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பல தெருக்களின் நிலை இதுவே. கோடையில் வறண்டும் மழையில் மூழ்கியும் கிடக்கும் இடம், ஏறத்தாழ நம் ஆற்றங்கரையின் இயல்பைப் பெற்றுவிடுகிறது. அவ்விடத்திற்குரிய மரம் எது என்பதை இனி எவரும் வாதிட வேண்டியதில்லை.

தாயார் குழியின் விளிம்பில் அமர்ந்து, தேங்கிய நீரைச் சிறிது நேரம் பார்த்தார். "மண்ணே சொல்லிவிட்டதே, புங்கையே வையப்பா" என்றார். பின்னர், "அது பந்தலிட்டு நிற்கும்போது நான் இருப்பேனோ, மாட்டேனோ!" என்று தம்பி கேட்கும்படி கூறினார். அவன் விடையிறுக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "நான் உட்காருவதற்கு மட்டுமா மரம் வைப்பார்கள்?"

வேம்பும் இடமின்றிப் போகவில்லை. தம்பி மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் பக்கத்தில், சரளை நிறைந்த மேட்டு மனையில் வீடு கட்டியிருந்தான். அங்கும் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பினோம். ஒரு மணி நேரத்தில் குழி உலர்ந்தது. நீர் நில்லாத அம்மேட்டில் வேம்பை நடுவதெனத் தீர்மானித்தோம். 2022-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில், ஒரே வாரத்தில் இரு கன்றுகளும் மண்ணில் ஊன்றப்பட்டன.

நடவும் பேணலும்

நடும் காலம் மழையின் தொடக்கமாக இருத்தல் வேண்டும். கோடைக்குள் வேர் ஓரளவு ஆழம் இறங்கிவிட அதுவே வாய்ப்பளிக்கும். குழியிலிருந்து எடுத்த மேல்மண்ணுடன் மக்கிய எருவைக் கலந்து நிரப்பினால் போதுமானது. ஈரம் காயாத சாணத்தை இட்டால் அதன் வெப்பம் வேரைச் சுடும். கன்றின் பையைக் கிழித்து அகற்றி, சுருண்ட வேர் இருப்பின் அதனை நறுக்கிவிட வேண்டும். பையில் இருந்தபோது எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அவ்வளவே மண்ணிலும் இருக்க வேண்டும். தண்டைப் புதைத்தல் ஆகாது.

பள்ளமான எங்கள் மனையில் கன்றைச் சிறு மேட்டின்மீது நட்டோம். புங்கு நீரைத் தாங்கும் மரமேயாயினும், முதலாண்டுக் கன்றுக்கு அவ்வுதவி தேவை. மேட்டு மனையிலோ, கன்றைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டி மழைநீரைத் தேக்கினோம். ஒரே மழை, ஓரிடத்தில் அதனை விலக்கவும் மற்றோரிடத்தில் அதனைப் பிடித்து வைக்கவும் வேண்டியிருந்தது.

நீர் பாய்ச்சுவதில் பலரும் நாள்தோறும் சிறிது ஊற்றுவர். அவ்வாறு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் வறட்சியைத் தாங்கும் ஆற்றலை மரம் இழக்கும். வாரத்திற்கு ஒருமுறையோ இருமுறையோ, நீர் ஆழத்திற்கு இறங்கும் வண்ணம் நிறைய ஊற்றுவதே ஏற்றது. இடைப்பட்ட நாள்களில் ஈரத்தைத் தேடி வேர் கீழ்நோக்கிச் செல்லும். கன்றைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ பரப்பினால் ஈரம் காக்கப்படும். அம்மூடாக்கு தண்டைத் தொடாமல் சற்று விலகியிருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டால் இவ்விரு மரங்களும் நம்மை எதிர்பாராமல் வாழத் தொடங்கும்.

புங்கு தாழக் கிளைக்கும் இயல்புடையது. ஆள் நிற்கும் உயரத்திற்குக் கீழுள்ள கிளைகளை ஆண்டுக்குச் சிலவாக நீக்கினால் நிழலில் அமர இடம் கிடைக்கும். ஒரே நாளில் அனைத்தையும் கழித்தால் மெல்லிய தண்டு வெயிலில் வெடிக்கும். வேம்புக்கு அவ்வளவு கழிப்பு வேண்டியதில்லை. இரட்டைத் தலையாகப் பிரிந்தால் ஒன்றை நீக்கி, நேராக எழும் தண்டைக் காத்தால் போதும். மரம் வளர்ந்த பின் அதன் அடியைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடலாகாது. விளம்பரப் பலகையைத் தொங்கவிட ஆணி அறைதலும் ஆகாது. உதிர்ந்த சருகைக் கொளுத்துவது, மரம் மண்ணுக்குத் திருப்பித் தரும் உணவைச் சாம்பலாக்குவதாகும்.

விதையிலிருந்து கன்று வளர்க்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிரும் வேப்பம்பழத்தின் சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். நாள் செல்லச் செல்ல அதன் முளைப்புத்திறன் விரைந்து குறையும். புங்க விதையோ பொறுமையுடையது; உலர்ந்த நெற்றுகளைச் சேர்த்து வைத்துப் பல மாதங்கள் கழித்து விதைத்தாலும் முளைக்கும்.

காலம் வைத்த தேர்வு

2024-ஆம் ஆண்டின் புயல்மழையில் எங்கள் மேற்குப் பக்கம் நான்கு நாள்கள் நீரில் நின்றது. இரண்டு வயதுப் புங்கின் அடித்தண்டு முழங்கால் அளவு நீரில் மூழ்கியிருந்தது. நீர் வடிந்த பின் சில இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, அவ்வளவே. அதே மழையில் தம்பியின் வேம்புக்கு எக்கேடும் இல்லை. மேட்டில் விழுந்த நீர் அன்றே ஓடிவிட்டது. ஆனால், அடுத்த மார்கழியில் வேம்பின் நுனிகள் கருகின. தம்பி மருந்துக் கடைக்கு விரையவில்லை; காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்திவிட்டுக் காத்திருந்தான். மாசியின் இறுதியில் செப்பு நிறத் தளிர்கள் வந்தன.

புங்கு இப்போது பதினான்கு அடி உயரம் நிற்கிறது. பிற்பகல் இரண்டரை மணிக்கு அதன் நிழல் சுவரைத் தொடுகிறது. நான்கு மணிக்குள் சாளரம் வரை ஏறிவிடுகிறது. சுவர் முழுவதையும் மூட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். தாயார் நாற்காலியை நாளுக்கு நாள் நிழலின் போக்கிற்கேற்ப நகர்த்திக்கொள்கிறார். பச்சடிக்கு வேண்டிய பூ, சித்திரை முதல் நாளன்று தம்பி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி வந்து சேர்ந்தது. கடந்த வைகாசியில் புங்கின் முதல் நெற்றுகள் நான்கைந்து உதிர்ந்தன. அவற்றை அவர் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறார். ஏரிக்கரையில் நீர் ஏறி இறங்கும் தாழ்ந்த பக்கம் ஒன்று மரமின்றிக் கிடக்கிறதாம். முதல் மழை விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.